காலணிக்குள் பட்டாணி

சோஹார் மருத்துவமனை, இரண்டாம் தளம்,
பயிற்சியின் மூன்றாம் நாள்.
காதில் பஞ்சு. கண்ணாடியில் வாசலின் பூச்சு.
காலணிக்குள் காய்ந்த பட்டாணி.
முழங்காலில் இறுக்கிய கட்டு.
முப்பத்தொரு வயதில் எனக்கு
எண்பத்து நாலு.

"கழிப்பறை வரைக்கும் போய்வா, ஜெபக்கனி"
என்றார் மாரிசெல்.
பன்னிரண்டே அடி.
கைப்பிடி இருக்குமென்று நீட்டிய இடத்தில்
சுவர் வழுக்கியது.

பிறகு ரிஸ்வானா கஞ்சி ஊட்டினாள்.
விழுங்கும் முன்னே அடுத்த கரண்டி
உதட்டில் வந்து நின்றது.
"ஆ காட்டு கண்ணு, சமத்து."
பஞ்சைத் தாண்டி அது மட்டும்
தெளிவாகக் கேட்டது.
தட்டிவிட்டேன்.

அவள் குறிப்பேட்டில் எழுதினாள்:
நோயாளி ஒத்துழைக்கவில்லை.

மாலை ஷிப்ட். ஒன்பதாம் படுக்கை.
ஹம்தான், மூன்று நாளாய் வாய் திறக்காதவர்.
அவர் சார்ட்டிலும் அதே வரி,
என் அழகான கையெழுத்தில்.

திரையை இழுத்து மூடினேன்.
ஸ்டூலைத் தாழ்த்தி
அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்தேன்.
தப்புத் தப்பான அரபியில் கேட்டேன்:
உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?

அவர் யோசித்தார். நெடுநேரம்.
கரண்டி கிண்ணத்திலேயே கிடந்தது,
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
எடுக்க மறந்த ஒரு பட்டாணி
என் குதிகாலில்
உறுத்திக்கொண்டே இருந்தது.