மூன்றாம் ஜாடி

தண்ணீர் போலத்தான் இருக்கும்.
ஆனால் தண்ணீரோடு ஒட்டிக் குடியிருக்காது,
மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
மூடியைத் திறந்தால் இனிப்பாக ஒரு வாடை,
புதுப் பெயின்ட் அடித்த படகுக்குள்
தலையை விட்டதுபோல.
ஆவி காற்றைவிடக் கனம்: எழும்பாது.
மேஜையிலிருந்து வழிந்து, தரையோடு தவழ்ந்து,
அடுத்த அறையில் நெருப்பிருக்கிறதா என்று
பார்த்துவரப் போகும்.

இங்கே சைலீனுக்கு ஒரே வேலை.
அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துண்டின் ஈரத்தைச்
சாராயம் படிப்படியாய் வாங்கிக்கொள்ளும்.
பிறகு இது உள்ளே போய்ச்
சாராயத்தை வெளியே தள்ளி
மெழுகுக்கு இடம் பிடித்துவைக்கும்.
வெளுத்திருந்த துண்டு
மெல்லக் கண்ணாடியாகும்.
அத்தோடு எடுத்துவிட வேண்டும்.
மறந்தால் மொறுமொறுத்துக் கத்தியடியில் நொறுங்கும்.

டாக்டர் ஒயார்சூன் தங்கமுனைப் பேனாவால்
பெயரெழுதி அனுப்புவார்.
ஒரு முழுக்கில் பெயர் கரைந்து நீலமாய் ஓடும்.
நான் பென்சிலால் எண் போடுவேன்.
பென்சிலை அது தொடாது.
கரியும் கரியில் பிறந்ததும்
ஒன்றையொன்று கடிப்பதில்லை போலும்.

ஜூலையில் ஓர் இரவு
மகெல்லன் நீரிணையிலிருந்து ஏறிய காற்று
புன்டா அரீனாஸின் மின்கம்பிகளைப்
பிடுங்கிப் போட்டது.
ஜெனரேட்டர் அறுவை அறைக்கே போதவில்லை.
டார்ச்சில் பேட்டரி செத்துக் கிடந்தது.
மூன்றாம் ஜாடியில் நாற்பத்திரண்டு துண்டுகள்,
யார் யாருடையவோ.

அப்போது காவலாளி ஒஹேதா வந்தார்.
நல்ல மனிதர். இருட்டில் நான் பயப்படுவேனென்று
மெழுகுவர்த்தி ஏற்றி,
உள்ளங்கையால் சுடருக்கு அணைகட்டிக்கொண்டு.

"நில்லுங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாய்க் கேட்டது.
ஊதி அணைத்தார்.
அறையில் பன்னிரண்டு டிகிரி குளிர்;
இருபத்தைந்துக்குக் கீழே பற்றாது என்கிறது புத்தகம்.
புத்தகத்தை நம்பி
யாரும் தீக்குச்சி கிழிப்பதில்லை.

அவர் கைக்கடிகாரத்தில் முட்கள் பச்சையாய் மின்னின.
கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து
ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் உரக்க நேரம் சொன்னார்.
நடுவில், மன்னிப்புக் கேட்பதுபோல்,
"அந்த வாடை எனக்குப் பிடிக்கும்" என்றார்.
எனக்கும்தான்.
வெள்ளிக்கிழமை மாலைத் தலைவலிக்கும்
அதுதான் காரணம்.

மூக்கால் ஜாடிகளை எண்ணினேன்.
இது சாராயம். இதுவும்.
இது.
கூடையைத் தூக்கிச் சொட்டவிட்டேன்.
மெழுகுத் தொட்டி இன்னும்
ஆறாமல் இருந்தது.
கையுறை வழியாய் ஒருதுளி இறங்கிச்
சில்லென்று சுட்டு
நான் துடைக்குமுன் இல்லாமல் போனது.

விடிந்தபோது நாற்பத்திரண்டு மெழுகுக் கட்டிகள்.
ஒன்றுகூட வீணாகவில்லை என்று சொல்ல ஆசை.
இரண்டு நொறுங்கின.

அந்த இருவரையும் திரும்ப அழைத்திருப்பார்கள்,
திரும்ப அறுத்திருப்பார்கள்.
பெயர் எனக்குத் தெரியாது.
1174, 1190.
எண் மட்டும்
அழியாமல் இருந்தது.