கொசுறு

தெற்கிலிருந்து வந்த கம்பெனி
சிபாட்டாவில் கிளை திறந்தது.
நூற்றிருபது வேலை என்றது வானொலி.
விடியுமுன் போனோம். வரிசை அதற்குள்
பெட்ரோல் பங்கைத் தாண்டி, மசூதியைத் தாண்டி,
சவப்பெட்டி செய்பவன் கடைவரை நின்றது.
வரிசையில் ஒருவன் வேர்க்கடலை விற்றான்.
அவனுக்கு அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

படிவத்தில் ஒரு கட்டம்: முன் அனுபவம்.
பதினோரு வருடம் சந்தையில் தக்காளி விற்றவள்,
கையில் எடுத்தாலே எடை சொல்பவள்,
'இல்லை' என்று எழுதினேன்.
பக்கத்துக் கடை ம்வாசியோனாவும்
என்னைப் பார்த்து 'இல்லை' என்றே எழுதினாள்.
அவள் பெயர் பட்டியலில் வரவில்லை.

சீருடை பச்சை. நெஞ்சில் என் பெயர், தலந்திரா,
ஓர் எழுத்து குறைவாக.
சுழலும் நாற்காலி.
கழிவறைக்குப் போகக் கை தூக்க வேண்டும்.
இருந்தாலும் கூரை இருக்கிறது.
முன்பெல்லாம் டிசம்பரில் இடி இடித்தால்
எத்தனை கூடை அழுகும் என்று வயிறு கணக்குப் போடும்.
இப்போது மழை
வெறும் மழை.

தக்காளி இங்கும் வருகிறது.
இரண்டு எல்லை கடந்து, மூன்று நாள் லாரியில் தூங்கி,
ஒரே அளவில், ஒரே சிவப்பில்,
முதுகில் ஒட்டுச்சீட்டோடு.
கருவி அதைக் கண்டதும் 'பீப்' என்கிறது.
நான் கூவத் தேவையில்லை.

நேற்று ஞிரெண்டா வாத்தியார் வந்தார்,
என் பழைய வாடிக்கை.
பணம் கொடுத்தார், மீதி வாங்கினார்,
பையின் வாயை மட்டும் மூடவில்லை.
விரித்துப் பிடித்தபடியே நின்றார்.

ம்பசேலா என்போம் எங்கள் ஊரில்.
எண்ணிப் போட்டபின் எண்ணாமல் போடும் இரண்டு.
அது விழாதவரை வியாபாரம் முடியாது.

தலைக்கு மேல் கேமரா.
அவர் பின்னால் ஏழு பேர்.
திரையில் அதற்குப் பொத்தான் இல்லை,
தேடியே பார்த்தேன்.
"அவ்வளவுதான், வாத்தியாரே" என்றேன்.
"அப்படியா" என்று சிரித்தார். பை மூடியது.

கண்ணாடிக்கு வெளியே, வாசலோரம்
சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள் ம்வாசியோனா.
பத்து மீட்டர் தள்ளிப் போ என்றான் காவலாளி,
எட்டு மீட்டர் தள்ளினாள்.
கம்பெனி சொன்ன நூற்றிருபதில் அவள் இல்லை;
கம்பெனிக்கு வரும் கூட்டத்தில்தான் பிழைக்கிறாள்.
வாத்தியார் அவள் முன் குனிவதைப் பார்த்தேன்.
விழுந்தது இரண்டா மூன்றா,
இங்கிருந்து தெரியவில்லை.

சம்பளத்தன்று நானும் போக வேண்டும்.
சீருடையைக் கழற்றிவிட்டு, பையோடு.
காசு கொடுத்த பிறகும்
வாயை விரித்தே பிடித்திருப்பேன்.
போடுவாளோ, மாட்டாளோ.