அளாப்பு

இரண்டு தானியப் பெட்டிகளை வெட்டி ஒட்டிய
அட்டை மறைப்பு.
அதன் பின்னால் என் இருபது முகப் பகடை.

வூப்பர்டாலில், எண்பத்தியொரு படி ஏறி வரவேண்டிய சமையலறையில்
வெள்ளி இரவுகளில்
மழை நான். பூட்டிய கதவு நான்.
விலை இறங்காத குதிரை வியாபாரி நான்.
பாலத்தடியில் பசித்திருக்கும் பூதமும் நானே.
மற்ற நாட்களில்
ஒரு பல் ஆய்வுகூடத்தில்
செயற்கைக் கடைவாய்ப் பற்களுக்கு நிறம் சேர்க்கிறவன்.

பதினெட்டு விழுந்தது, கார்த்திகையில் ஓர் இரவு.
பதினெட்டு என்றால் அடி.
ஹென்னிங்கின் வில்லாளனுக்கு மிச்சம் மூன்று மூச்சு.
அன்று காலைதான் அச்சகத்தில் அவனை நிறுத்தியிருந்தார்கள்.
"ஒன்பது" என்றேன்.
"தப்பிவிட்டாய்."

அப்படித் தொடங்கியது.
அடுத்த வாரம் ஆனெக்ரேட்டின் சூனியக்காரிக்காக ஒரு நான்கு.
பிறகு யாருக்காகவும் இல்லை, பழக்கத்தில்.
பூதங்கள் குருடாயின.
அம்புகள் கடைசி விரலளவில் மனம் மாறின.
நச்சுக் கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்த வாகீசனுக்கு
விக்கல் மட்டும் வந்தது.

வென்றார்கள். வென்றார்கள்.
வென்றுகொண்டே ஹென்னிங்
பியர்ப் போத்தலின் தாளை நகத்தால் உரித்தான்.
ஆனெக்ரேட் தன் முறை வரும்வரை
கைபேசியில் தரைவிரிப்பு விலை பார்த்தாள்.
பொற்குவியலைப் பங்கிடும்போது வாகீசன் கொட்டாவி விட்டான்:
"என்ரை பங்கை நீங்களே வச்சிருங்கோ."

முதல் வருஷம் கறிக்கு மிளகாயைக் குறைத்தேன்,
ஹென்னிங்குக்காக.
இரண்டாம் வருஷம் அவனே எழும்பி
எங்கள் சட்டிக்குள் கரண்டியை விட்டான்.
மூக்கு வடிந்தது. கண் சிவந்தது.
சட்டியைத் திருப்பித் தரவில்லை.

துஷ்யந்திதான் பிடித்தாள்.
இரத்தச் சுத்திகரிப்பு வார்டில் வேலை அவளுக்கு;
இயந்திரம் ஒரு நொடி தயங்கினாலும்
திரும்புகிற காது.
"பகடை விழுந்தாப் பிறகு நீ ஒருக்கா மூச்சு விடுறாய்.
அந்த இடைவெளியிலை கணக்கைத் திருத்துறாய்.
அளாப்புறாய்."
"உங்களுக்காகத்தானே?"
"ஆருக்காக எண்டாலும் அளாப்பு அளாப்புத்தான்.
கிழமை முழுக்க ஆக்களைச் சாகாமல் பார்க்கிறன்.
இஞ்சை வந்தாவது
எனக்குக் கொஞ்சம் பயப்பிட வேணும்."

அட்டை மறைப்பைப் பழைய தாள் தொட்டியில் போட்டேன்.
வாரம் முழுக்கப் பூதத்தை நிறுத்துப் பார்த்தேன்.
கூடினால் கசாப்புக் கடை,
குறைந்தால் தாலாட்டு.
எழுபது உயிர் எழுதி, வெட்டி, ஐம்பத்தைந்து.
வேலையில் யாருடையதோ ஒரு பல் மஞ்சளாகிப்போனது.
பாலத்தின் நடுவில் ஒரு வெண்கல மணி தொங்கவிட்டேன்.
எதற்கென்று எனக்கே தெரியாது.
அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

மேசை நடுவில், விளக்கின் கீழ் உருட்டினேன்.
பகடை ஊறுகாய்ப் போத்தலில் முட்டித் திரும்பி
இருபதில் நின்றது.

துஷ்யந்தியின் திருடி, சிட்டு.
இரண்டு வருஷமாய் எங்கள் பூட்டெல்லாம் திறந்தவள்.

என் கை தானாய் நீண்டது பகடைப் பக்கம்.
துஷ்யந்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"விடு. பூதத்தின்ரை கையிலை கிடந்தபடி சிட்டு
பல்லிலை கத்தியை எடுக்கிறாள்.
மேலே கயிறு.
ஒரே வெட்டு.
மணி விழட்டும்."

ஹென்னிங் எழும்பிய வேகத்தில் கதிரை சரிந்தது.
கீழ்வீட்டு டிக்மன் அம்மையார்
தும்புத்தடியால் தன் கூரையை இடித்தார்.
"இன்னும் சாகவில்லை அது!" என்று ஆனெக்ரேட் கத்த,
சிரித்ததில் வாகீசனுக்கு
உண்மையாகவே விக்கல்.

நள்ளிரவு தாண்டியும் படிகளில் சண்டை:
வில்லாளன் முதலே பின்வாங்கியிருக்க வேண்டுமா,
மணியை முன்பே பார்த்தது யார்,
பார்த்தும் சொல்லாதது யார்.
ஆற்றின் மேல் தொங்கிப்போகும் கடைசி ரயில்
அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று.

துஷ்யந்தி மட்டும் திரும்பி ஏறி வந்தாள்,
எண்பத்தியொரு படி,
மூச்சு வாங்க:

"வெறுந்தாள் ஒண்டு இருக்கோ?
இந்த முறை
நீச்சல் தெரியாத ஒரு மீன்காரி."