பெருக்குக

மயூர் விஹாரில் மூன்றாம் மாடி கும்பகோணத்து அம்மாள்
"பெருக்கியாச்சா?" என்பாள்.
எங்கள் ஆத்தூர்ப் பக்கம் அதற்குக் கூட்டுவது என்று பேர்.
கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி பேரே சொல்வதில்லை,
கட்டைவிரலால் மூலையைக் காட்டுவாள்.
துடைப்பம் ஒன்றுதான்.
குனிகிற இடுப்பும்.

மே மாதம் ராஜஸ்தானிலிருந்து புழுதி கிளம்பி
சாத்திய ஜன்னல் வழியாகவே வந்து உட்காரும்.
காலையில் முறத்தில் அள்ளியது
சாயங்காலம் அதே சோபாவுக்கடியில்.
பெருக்கப் பெருக்கப் பெருகும்.
அம்மாளின் சொல்தான் சரியோ என்று
அன்றைக்குத் தோன்றியது.

கோகிலவாணி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது.
கணக்குப் புத்தகத்தில் 'பெருக்குக' என்று மேலே போட்டுக்
கீழே வெறும் எண்கள்.
"பாரும்மா, எல்லாம் உன் வேலையைத்தான் சொல்லியிருக்கு.
முன்பக்கத்துல 'கூட்டுக'வும் இருக்கு."
சிரித்துவிட்டுப் பென்சிலைக் கடித்தாள்.
"கூட்டினா அதிகமாகும். பெருக்கினா இன்னும் அதிகமாகும்.
நீ செய்யற வீட்டுல மட்டும்
கடைசியில தரையில ஒண்ணுமே இருக்காதே?"
அதற்குத்தான் சம்பளம் என்றேன்.

நாலு வீடு, வீட்டுக்கு ஆயிரத்தெண்ணூறு.
அவள் பெருக்கினால் ஏழாயிரத்து இருநூறு வருகிறது.
நான் பெருக்கி ஒரு மாதமும் அவ்வளவு வந்ததில்லை.
ஒரு பீங்கான் உடைந்திருக்கும்,
ஒரு காய்ச்சல் திங்கட்கிழமையில் வந்திருக்கும்.

ஆடியில் யமுனை ஏறியது.
அதற்கும் பெருக்கு என்றுதான் பேர் எங்களுக்கு.
காப்பரிசி இல்லை, மஞ்சள் கயிறு இல்லை,
சந்துக்குள் ஒரு ஜீப், ஒலிபெருக்கியில்
காலி பண்ணு, காலி பண்ணு என்று.
அதிலும் ஒரு பெருக்கு இருக்கிறது என்று
வாணிதான் கண்டுபிடித்தாள்,
மேம்பாலத்தடியில், தார்ப்பாயின் கீழ்,
மூன்றாம் நாளோ நாலாம் நாளோ.

ஆறு நாள் கழித்துத் திரும்பினோம்.
மூன்றாம் மாடி அம்மாளும் ஆறு நாள் கழித்தாள்,
சம்பளத்தில்.

வீட்டுக்குள் முழங்கால் உயரம் வண்டல்.
துடைப்பம் அதில் இறங்கவில்லை.
சோற்றுப்பானை மூடியால் வழித்தேன்.
ஒற்றைச் செருப்பு வந்தது, ஆண்பிள்ளையுடையது.
ஒரு பிளாஸ்டிக் துர்க்கையின் கை,
யார் வீட்டு ரிமோட்டோ.
ஆறு கொண்டுவந்ததில் எங்களுடையது எது என்று பிரிக்கவே
மத்தியானம் ஆகிவிட்டது.

வாணி நோட்டைக் கம்பியில் விரித்துப் போட்டாள்.
டீச்சரின் சிவப்பு மை முழுக்கக் கரைந்து
பக்கம் ரோஜா நிறம்.
பென்சில் மட்டும் அழியவில்லை.
ஏழாயிரத்து இருநூறு அப்படியே இருந்தது,
சரியா தவறா என்ற குறியில்லாமல்.

அப்போது போன்.
"நாளைக்காவது வரியா? வீடு பார்க்கச் சகிக்கலை."
வருகிறேன் என்றேன்,
போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கி,
இரண்டு கையிலும் சேறு.