புள்ளி மூன்று

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
மீன் தடுப்பைக் கடக்கும் வாய்ப்பு.
பூஜ்யம், புள்ளி மூன்று, புள்ளி ஆறு, ஒன்று.
ஏதேனும் ஒன்றை வட்டமிடுக.

பாஸ்க் மலையிடுக்கில் இரும்பு காய்ச்சிய காலத்து அணை.
பிறகு காகித ஆலைக்கு உழைத்தது.
இப்போது பிசென்டேயின் சின்ன டர்பைனுக்கு.
உயரம் இரண்டு மீட்டர் பதினொரு சென்டிமீட்டர்.
குதிக்கிற மீனுக்கு
முதலில் ஆழம் வேண்டும், அப்புறம்தான் உயரம்.
இங்கே அடியில் கான்கிரீட் மேடை,
அதன்மேல் ஒரு சாண் தண்ணீர்.

"படிக்கட்டு வைத்திருக்கிறோமே" என்கிறார் பிசென்டே.
வைத்திருக்கிறார்தான்.
இடக்கரையில் ஒன்பது தொட்டி, ஒன்பதிலும் சருகு.
அதன் வாசலில் நீர் பேசுவதே இல்லை.
இரைச்சலெல்லாம் வலக்கரையில், டர்பைன் துப்புகிற இடத்தில்.
சால்மன் இரைச்சலை நம்பி வரும்.
விருந்துக்கு அழைத்துவிட்டு
பின்சுவரைக் காட்டி அனுப்புகிற வீடு.

விலாங்குக் குஞ்சுகளுக்கு வேறு கணக்கு.
ஈரச்சுவரில் பாசியைப் பற்றி
விரல் நீளத்துக்கு விரல் நீளம் ஏறும்.
மே மாதம் பிசென்டே சுவரைச் சுரண்டிக் கழுவுகிறார்.
சுத்தம் சோறு போடும்;
விலாங்குக்குப் போடாது.

அக்டோபரில் கீழ்த்துறையில் பொறி வைத்துப் பிடித்து
நாற்பத்தொரு சால்மனுக்குச் சில்லு வைத்தோம்,
ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு.
ஓயர் பிடித்துக்கொள்வான், நான் ஊசி ஏற்றுவேன்.
ஈரக் கையுறைக்குள் அந்தத் துடிப்பு:
பூட்டிய அறையில் அடித்துக்கொண்டிருக்கும் தொலைபேசி.

அணைக்குக் கீழே ஒரு கம்பி வளையம், மேலே ஒன்று.
சில்லு கடந்தால் வளையம் எண் சொல்லும்.
புதுவெள்ளம் இறங்க இறங்க மீன் ஏறும்,
எந்த ஆற்றுக்கும் இது பொது.
மழை இறங்கியது.
கீழ் வளையம் விடிய விடிய எண் சொன்னது.
7714 மட்டும் பதினெட்டு இரவில் இருநூற்று ஆறு தடவை.
மேல் வளையம் வாய் திறக்கவில்லை.

நவம்பர் பத்தொன்பது, பின்னிரவு மூன்று பன்னிரண்டு.
மேல் வளையம்: 7714.

ஓயர் தொலைபேசியில் கத்தினான்.
நான் சமையலறைக் குளிர்த்தரையில்
வெறுங்காலோடு நின்று அழுதேன்.
பிசென்டே ஆப்பிள் மதுவோடு வந்து கை குலுக்கினார்:
"சொன்னேனே, ஏறும் என்று."
புள்ளி மூன்றை வட்டமிட்டேன்.
பென்சிலில்தான்.

மறுநாள் கைவளையத்தைத் தூக்கிக்கொண்டு
7714ஐத் தேடி மேலே நடந்தோம்.
முந்நூறு மீட்டர் தள்ளி, ஆல்டர் வேர்களுக்கு நடுவே
கருவி கூவியது.
தண்ணீரை நோக்கி அல்ல,
கரையில் ஒரு கல்லை நோக்கி.

கல்மேல் நீர்நாயின் எச்சம்.
கருப்பாக, இன்னும் ஈரமாக.
மல்லிகைத் தேநீரும் மீன்நெய்யும் சேர்ந்த வாடை.
குச்சியால் கிளறினேன்: செதில், முள், செதில்,
ஓர் அரிசிமணி.

ஏறித்தான் இருக்கிறது.
எந்த வயிற்றில் என்று
படிவம் கேட்கவில்லை.

ஓயர் சிரித்தான். கொஞ்ச நேரம் சிரித்தான்.
அப்புறம் கல்லில் உட்கார்ந்து
கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி.

புள்ளி மூன்றை அழித்தேன், தாள் கொஞ்சம் கிழிந்தது.
பூஜ்யத்தை வட்டமிட்டால்
பூஜ்யத்துக்கு வெளியே இன்னொரு பூஜ்யம்.
குறிப்புகள் என்ற பெட்டியில் ஒன்றரை வரி இடம்.
எழுதினேன்:
'இந்த அணையைக் கடக்க சால்மனுக்கு நான்கு கால் தேவை.'
அலுவலகத்தில் அடித்துவிடுவார்கள். அடிக்கட்டும்.

வண்டியில் ஏறும்போது ஓயரின் மடிக்கணினி ஒலித்தது.
கீழ் வளையம்.
7702.
7702.
7731.
7702.