வேறு காரணம் இருப்பின் குறிப்பிடவும்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
ஆயுள் நீள. எடை குறைய.
நோய் திரும்பி வராதிருக்க.
மருத்துவர் சொன்னதால்.
மீதி மூன்றும் இவற்றின் ஒன்றுவிட்ட தங்கைகள்.
பேனாவின் மூடியைத் தானே கழற்றித் தருகிறாள்
பிசியோதெரபிஸ்ட் தபிதா.
என் இடக்கைக்கு அந்த வேலை வைக்கக்கூடாதாம்.

உண்மையைச் சொன்னால், தபிதா,
இழுவைப் பெட்டி பழுதாகிவிட்டது.
அவ்வளவுதான்.

கதிர்வீச்சு முடிந்த அதே வாரம்
நகராட்சிக்காரர்கள் வாசலில் சங்கிலி கட்டி
'பராமரிப்பு' என்று பலகை மாட்டினார்கள்.
வால்பரைசோவில் கடல்
எல்லார் வீட்டு ஜன்னலுக்கும் வரும்,
ரொட்டி வராது.
அதற்குக் கீழே இறங்க வேண்டும்.
திரும்பி வர நூற்று அறுபத்திரண்டு படிகள்.

முதல் நாள் முப்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு தெருநாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது,
ஆறுதல் சொல்வதுபோல் பையை முகர்ந்தது.
பாதி ரொட்டி போயிற்று.
மறுநாளும் அது முப்பதில் காத்திருந்தது.
கொடுக்க மனமில்லாமல்
நாற்பத்தொன்று வரை ஏறிவிட்டேன்.
கஞ்சத்தனத்துக்கு ஒரு கட்டம் போடு, தபிதா.

எழுபத்தைந்தில் நீலத் தகரக் கதவு.
ஒருநாள் அதைத் திறந்துகொண்டு
வீட்டுச் செருப்போடு வந்தாள் இர்மா கயுப்பான்.
கீமோ அறையில் அடுத்த நாற்காலிக்காரி.
அங்கே நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.
அவள் ஐஸ் கடிப்பாள்,
நான் அந்தச் சத்தத்தை வெறுப்பேன்.
"நீயா?" என்றாள்.
"மிச்சம் இருப்பது நான்தான்" என்றேன்.
சிரித்த சிரிப்பில் இருவருக்கும் தையல் இழுத்தது.

அன்றிலிருந்து, பேசாமலே ஒரு ஒப்பந்தம்:
யாருக்கு முதலில் மூச்சு முட்டுகிறதோ
அவள் கப்பல் பார்க்க வேண்டும்.
"அது பனாமாக் கொடி" என்பாள் இர்மா
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
"இல்லை, லைபீரியா" என்பேன்
எனக்கும் மூச்சு வரும்வரை.
இருவருக்கும் ஒரு கொடியும் தெரியாது.

ஜூலை மழையில் போகவில்லை.
விலா எலும்பில் ஒரு வலி வந்த வாரம்
ஸ்கேன் முடிவு வரும்வரை போகவில்லை.
அது வெறும் சுளுக்கு.
அதற்குள் முழங்கால்
பழைய கணக்கை மறந்துவிட்டிருந்தது.
மறுபடி முப்பதிலிருந்து.
நாய்க்கு ஒரே கொண்டாட்டம்.

கடற்காற்று சட்டையை உடம்போடு ஒட்டும்போது
ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் சமவெளி.
இந்த ஊர்க்காரி என்பதற்கு
இதைவிட அத்தாட்சி வேண்டுமா?
முதலில் கைப்பையால் மறைத்து நடந்தேன்.
நூறாம் படிக்குமேல்
மறைக்கத் தெம்பு இருப்பதில்லை.
அப்படித்தான் விட்டுப்போயிற்று அந்தப் பழக்கம்,
துணிச்சல் என்று எழுதிவிடாதே.

அக்டோபரில் பெட்டி சரியாகிவிட்டது.
பேண்டு வாத்தியம், ரிப்பன், புது மஞ்சள் பெயின்ட்.
எனக்கு என்னவோ
வேலை போனதுபோல் இருந்தது.
இர்மா ஒரு டிக்கெட் வாங்கினாள்.
"இன்றைக்கு முட்டி சரியில்லை, நெல்தா,
உன் ரொட்டியைக் கொடு, நான் கொண்டுபோகிறேன்."
மணி அடித்தது.
தண்டவாளத்தை ஒட்டியே படிகள்.
எந்தக் காலை முதலில் வைத்தேனோ தெரியாது.
கண்ணாடிக்குள் இருந்து அவள் தட்டுகிறாள்,
"ஏறுடி" என்கிறாளோ, கேலி செய்கிறாளோ,
வாய் மட்டும் அசைகிறது.
அறுபத்தெட்டுப் படி வித்தியாசத்தில் தோற்றேன்.
மேலே போனால்
என் ரொட்டியின் முனையைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

இப்போது முறைபோட்டுக்கொள்கிறோம்,
ஒருத்தி பெட்டியில், ஒருத்தி படியில்.
இதுவரை குறைந்தது ஐம்பத்திரண்டு.
அது அவளுடையது. அதுதான் எரிச்சல்.

உன் படிவத்தில் இடமில்லை என்றால்
'மருத்துவர் சொன்னதால்' என்பதில்
குறி போட்டுக்கொள், அவரும் சந்தோஷப்படட்டும்.
பேனாவைப் பிடி, மூடியை நானே போட்டுவிட்டேன்.
வியாழக்கிழமை இன்றைக்கு.
இர்மா பெட்டியில்.