பதினொன்றாம் கட்டில், பிரச்சினை ஏழு

இரவு ஒன்பதே கால். பேனையில் மை இழுபடுகிறது.
பதினொன்றாம் கட்டில், சோதிலிங்கம், அறுபத்தெட்டு,
கைதடியிலிருந்து அம்புலன்ஸில்
சாரத்தோடும் ஒற்றைச் செருப்போடும் வந்தவர்.

தாளில் ஐந்து நிரல். இடப்பக்க நிரலில்
ஒரு மனிதரைத் துண்டு துண்டாக இறக்கி வைக்கவேண்டும்,
கனமானது மேலே.

ஒன்று: மூச்சு. காதோர மயிரை விரலிடையே உரசினால் கேட்குமே,
நுரையீரலின் அடியில் அந்தச் சத்தம்.
ஒட்சிசன் எண்பத்தெட்டில் நிற்கிறது.
இரண்டு: கால் வீக்கம். அமத்திய இடத்தில்
என் பெருவிரல் பள்ளம் அப்படியே கிடக்கிறது,
ஈரமண்ணில் ஆடு மிதித்ததுபோல.
மூன்று: சீனி இறங்கக்கூடும். ஊசி ஆறு மணிக்கே போட்டாயிற்று,
சாப்பாட்டைத் தொடவில்லை.
நாலு: வலது குதிக்காலில் புண், அவருக்கே தெரியாத புண்.
ஐந்து: விழக்கூடும். லேசிக்ஸ் போட்டவர்
இரவில் எத்தனை தரம் எழும்புவாரோ.
ஆறு: நித்திரை.
ஏழு: பதற்றம்.

ஏழை எழுதிவிட்டுக் கோடு கீறினேன்.
படித்த ஒழுங்கு. மூச்சு முதலில், மனசு பிறகு.
மூச்சில்லாதவர் மனசை வைத்து என்ன செய்வார்?
அந்த ஒழுங்கோடு எனக்கு இப்பவும் சண்டையில்லை.

ஆனால் அவர் மாஸ்க்கைக் கழற்றுகிறார்.
போட்டுவிடுகிறேன். கழற்றுகிறார்.
"மிஸ், நாய்..."
போட்டுவிடுகிறேன். எண்பத்தாறு.
"கட்டிப்போட்டிட்டு வந்திட்டன். விடியக்காலமை.
தண்ணிச் சட்டி எட்டாது."
எண்பத்தைந்து.
"கதையாதேங்கோ ஐயா."
வாய் மூடுகிறது. கண் கதைக்கிறது.

முதலாவதின் பக்கத்தில், காரணம் என்ற நிரலில்,
இதய பலவீனம் என்று எழுதியிருந்தேன்.
பொய்யில்லை. பாதி.

"தம்பி நாவற்குழியிலதான். எடுக்கட்டே?"
கேட்டது மெற்றில்டா, கையில் பெட்பானோடு.
எடுத்தோம். மாஸ்க்குக்குள்ளிருந்தே அவர் வழி சொன்னார்:
சந்தி கழிய, நீலப் படலை, பக்கத்தில் பூவரசு.

அதற்குள் நாலாம் கட்டில் பெடியனின் சேலைன் முடிந்து
குழாயில் இரத்தம் ஏறிவிட்டது.
தகப்பன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
ஒன்றை மேலே ஏற்றும்போது எது கீழே போகிறதென்று
தாள் காட்டுவதில்லை.
ஒரு கட்டிலுக்கு ஒரு தாள். எனக்கு இருபத்தாறு கட்டில்.

பத்து ஐம்பதுக்கு றெஜினோல்ட் அழைத்தான்.
அவிழ்த்து விட்டாச்சாம். ரெண்டு சட்டி தண்ணி குடிச்சதாம்.
சோதிலிங்கம் முதல்தடவையாகத் தலையணையில் சாய்ந்தார்.
தொண்ணூற்றிரண்டு.
லேசிக்ஸும் வேலை செய்திருக்கிறது, போத்தலில்
அறுநூறு மில்லிலீற்றர்.
மருந்துக்கு எவ்வளவு, நாய்க்கு எவ்வளவு என்று
பிரித்தெழுத நிரல் இல்லை.

ஏழை வெட்டினேன்.
மேலே, ஒன்றின் ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினேன்:
பதற்றம். வீட்டில் கட்டிய நாய்.
காலையில் சிஸ்ரர் கேட்பா. கேட்கட்டும்.

விடிய ஐந்தரைக்கு விடுதி வாசலில் றெஜினோல்ட்,
இடது கையில் துவாய் சுற்றி.
"அவிழ்க்கேக்க ஒண்டும் செய்யேல்லை அக்கா.
சட்டியைக் கிட்ட வைக்கேக்கதான்."
"அப்பவே ஏன் சொல்லேல்லை?"
"ஐயா பதறுவார் எண்டு..."

மெற்றில்டா ஏசத் தொடங்கினாள்.
அவளை விலக்கி, அவனைக் குழாயடிக்கு இழுத்தேன்.
ஒன்று: சவர்க்காரம், ஓடுகிற தண்ணீர், பதினைந்து நிமிடம்.
இரண்டு: நாய்க்குத் தடுப்பூசி போட்டதோ என்று
பதினொன்றைக் கேட்கவேண்டும்.

அவர் வாய் திறந்தபடி நித்திரை. தொண்ணூற்று நாலு.
எப்படிக் கேட்பதென்று யோசித்தபடி
றெஜினோல்ட்டின் கையைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தேன்.